பாட்டுப் பத்திரிகைக்கு 4 பவுன் சங்கிலி! "யாரு வாங்குவாங்க?" என்ற கேள்வியால் திரும்பி வந்த துடியலூர் வாலிபர்

துடியலூர்,-

பத்திரிகை ஆரம்பிப்பதற்காக அம்மாவின் 4 பவுன் சங்கிலியை அடகு வைக்கப் போன வாலிபர், கடைப்படி ஏறிய பிறகு நகையோடு திரும்பி வந்தார். அவரைத் திருப்பி அனுப்பியது போலீசும் அல்ல, வட்டிக் கணக்கும் அல்ல. ஒரே ஒரு கேள்வி.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அந்த வாலிபருக்கு வயது 24. பகலில் லேத் பட்டறை வேலை. ராத்திரியில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சங்கிலி பீரோவில் இருந்து வெளியே போய் வந்த சங்கதி அம்மாவுக்கு இன்னும் தெரியாதாம். (இது எந்த செக்சனில் வரும் என்று நம்மைக் கேட்காதீர்கள்.)

2 நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, இளைஞர்களுக்கென்று ஒரு இசை மாத இதழ் கொண்டுவர 6 மாதமாகத் திட்டம். அட்டைப்படம் வரைந்தாகிவிட்டது. 3 ஆயிரம் பிரதிக்கு அச்சகத்தில் விலையும் கேட்டாகிவிட்டது. பணம்தான் பாக்கி.

அடகுக் கடைக்காரர் சங்கிலியைத் தராசில் வைத்தபடி, "எதுக்குத் தம்பி பணம்?" என்றார்.

"பாட்டுப் பத்திரிகை போடறமுங்க."

"அதை யாரு வாங்குவாங்க?"

"இளைஞருங்க."

"எந்த இளைஞரு? என்ற பையனும் இளைஞருதான். அவன் பேப்பரையே தொடறதில்லை."

வாலிபருக்குப் பேச்சு வரவில்லை. சங்கிலியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நோட்டில் ஒரே வரி

அவருடைய திட்ட நோட்டை நம்மிடம் காட்டினார். விளம்பரக் கட்டணம், பக்கக் கணக்கு எல்லாம் அழகாக எழுதி இருக்கிறது. வாசகர் என்ற இடத்தில் மட்டும் ஒரே வரி. "15 முதல் 30 வயது வரை, ஆண், பெண் இருபாலர்."

மாலை 6 மணிக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் நின்றால், பஸ்சில் தொங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் இந்த வரிக்குள் அடங்கி விடுவார்கள். மக்கள்தொகைக் கணக்குக்கு அது சரி. காசு கொடுத்து வாங்குகிறவன் யார் என்று அதில் இல்லையே?

"வாங்க, கேட்டே பாத்துரலாம்" என்று மூவரோடும் நாமும் கிளம்பினோம்.

முதலில் பஸ் ஸ்டாப். கல்லூரி மாணவி ஒருவர் பளிச்சென்று சொன்னார். "பாட்டு போன்லயே வருதுங்ணா. பாட்டு வரியும் கூடவே ஓடுது. அப்புறம் புக்கு எதுக்குங்ணா?"

அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னதற்குள் ஒரு சரித்திரமே அடங்கிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். மெல்லிய காகிதம், நாலைந்து தாள். கொஞ்சம் கதை சொல்லி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்திவிடுவார்கள். அதை வாங்கியவர் யார்? வீட்டுக்குப் போய்ப் பாடிப் பார்க்க ஆசைப்பட்டவர். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது நினைத்த நேரத்தில் பாட்டைத் திருப்பிக் கேட்க எத்தனை வீட்டில் வசதி இருந்தது? ரேடியோ போடும்போது கேட்க வேண்டும். வரி கையில் இருந்தால்தான் பாட்டு நம்முடையது.

சீமையிலும் இதே கதைதான். 1978-ல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' என்ற பத்திரிகை பாட்டு வரிகளையும் வண்ணப் படங்களையும் போட்டே 1980-களின் கடைசியில் 10 லட்சம் பிரதியைத் தொட்டது. 2006-ல் மூடிவிட்டார்கள். வரியும் படமும் கம்ப்யூட்டரில் சும்மா கிடைக்கத் தொடங்கிவிட்ட காலம் அது.

இன்னொன்று 'என்.எம்.இ.' என்கிற வாரப் பத்திரிகை. 1952-ல் ஆரம்பித்த வருடமே, எந்த இசைத்தட்டு அதிகம் விற்கிறது என்று பட்டியல் போட நினைத்தார்கள். பெர்சி டிக்கின்ஸ் என்பவர் சுமார் 20 கடைகளுக்குப் போன் போட்டு விசாரித்தார். பிரிட்டனின் முதல் விற்பனைப் பட்டியல் அப்படித்தான் பிறந்தது. அதே பத்திரிகை 2015-ல் 3 லட்சம் பிரதிகளை இலவசமாகவே கொடுத்துப் பார்த்தது. 2018-ல் வார இதழை அச்சடிப்பதை நிறுத்திவிட்டது.

சிலோன் ரேடியோவில் வந்த பேர்

கடைக்காரனைக் கேள் என்ற டிக்கின்ஸ் வழியிலேயே, ரோட்டோரப் பேப்பர் கடைக்குப் போனோம். 60 வயதைத் தாண்டியவர் அந்தக் கடைக்காரர்.

அவர் கூறியதாவது:-

"வாரப் பத்திரிகை வாங்கறவங்க பூராவும் அம்பதைத் தாண்டுனவங்க. பசங்க வந்தா வேலைவாய்ப்புப் பேப்பரும் டி.என்.பி.எஸ்.சி. புத்தகமும்தானுங்க கேப்பாங்க. பாட்டுன்னு ஒருத்தனும் கேட்டதில்லை. நான் பையனா இருக்கறப்ப சிலோன் ரேடியோவுக்கு நேயர் விருப்பம் கார்டு போடுவனுங்க. ஒரே ஒரு தரம் என்ற பேரு வந்துச்சு. என்ன பாட்டுப் போட்டாங்கன்னு மறந்து போச்சு. பேரு சொன்னது மட்டும் இன்னும் காதுல இருக்குது."

கீபோர்டு வாலிபர் இதை நோட்டில் குறித்துக்கொண்டார். ஏன் குறித்தார் என்று அப்போது நமக்குப் புரியவில்லை.

நம் நாட்டில் இதற்கு முன் முயன்றவர்கள் உண்டு. கல்கத்தாவில் 1967-ல் டெஸ்மண்ட் டாய்க் ஆசிரியராக 'ஜே.எஸ்.' என்ற ஆங்கில வார இதழ் வந்தது. ஆங்கிலம் படித்த நகரத்துப் பிள்ளைகள்தான் அதன் வாசகர்கள். 10 வருடம் ஓடி 1977-ல் நின்றது. சென்னையில் 1983-ல் பட்டாபிராமன் ஆரம்பித்த 'ஸ்ருதி' கர்நாடக இசைக்கும் நாட்டியத்துக்குமானது. சபா வாசலில் நின்றாலே அதன் வாசகரைப் பார்த்துவிடலாம்.

நமக்குப் பிடித்தது அலகாபாத் கதை. 1993-ல் அமித் சைகல் அங்கே இருந்து 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' கொண்டுவந்தார். பம்பாயும் இல்லை, டெல்லியும் இல்லை, அலகாபாத்! அவரும் குழுவில் வாசித்தவர்தான். ஊருக்கு ஊர் கல்லூரிகளில் கிடார் வைத்துக்கொண்டு தனியாகக் கிடந்த பையன்களைப் பற்றி அந்தப் பத்திரிகை எழுதியது. பிறகு அவர்களுக்காக விழாவும் நடத்தியது. பாட்டுக் கேட்கிறவனை விட்டு, வாசிக்கிறவனைப் பிடித்தார் என்று சொல்ல வேண்டும்.

மேளக்காரப் பையனின் கேள்வி

இருட்டிய பிறகு ஒரு காலி மைதானத்தில் ஜமாப் அடிக்கும் சத்தம். கோயில் நோம்பிக்குப் பயிற்சி. (துடி என்பதே தோற்கருவியின் பேர்தான். ஊர்ப் பேரிலேயே தாளம் இருக்கிறது!) குழுவில் பெரியவனுக்கு 19 வயது. ஐ.டி.ஐ. மாணவன். பத்திரிகை என்றதும் அவன் விலையைக் கேட்கவில்லை.

"எங்க குழு போட்டோ போடுவீங்களாண்ணா?" என்றான்.

கீபோர்டு வாலிபர் நம்மைத் திரும்பிப் பார்த்தார்.

பையன் அதோடு விடவில்லை. "எந்த ஊர்ல நோம்பி, எந்தக் கோயிலுக்குச் செட்டு வேணும், மேளத்துக்குத் தோல் மாத்தோணும்னா யாரைப் பாக்கோணும்... இதெல்லாம் போன்ல எங்கண்ணா வருது? அதைப் போடுங்க, நான் வாங்கறேன்."

பக்கத்திலேயே வள்ளி கும்மி பழகிவிட்டுப் பெண்கள் கிளம்பிக்கொண்டு இருந்தார்கள். மேட்டுப்பாளையம் பக்கம்தான் தேக்கம்பட்டி. அந்த ஊர்க் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024-ல், 87-வது வயதில், வள்ளி ஒயில் கும்மிக்காக பத்மஸ்ரீ கிடைத்தது. கொங்கு நாட்டில் இப்போது கும்மி கட்டுகிற பெண்களில் கல்லூரி மாணவிகளும் இருக்கிறார்கள், வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர், "வாத்தியார் சொல்லிக் குடுக்கற பாட்டை நோட்டுல எழுதி வச்சிருக்கறமுங்க. அந்த நோட்டு தொலைஞ்சா போச்சு" என்றார்.

நமக்குத் தூக்கிவாரிப்போட்டது. வரியைத் தேடுகிறவர் இன்னும் இருக்கிறார்! சினிமாப் பாட்டு வரிக்கு ஆள் இல்லை, சரி. ஒரு வாத்தியார் வாயில் மட்டும் இருக்கிற பாட்டுக்கு?

எல்லோரும் தலை ஆட்டினார்கள் என்று எழுதினால் பொய். ராப் பாடும் பையன் ஒருவன் நேருக்கு நேராகக் கேட்டுவிட்டான். "நம்ம கோயமுத்தூர்க்காரர் ஹிப்ஹாப் ஆதி 2011-ல யூடியூப்ல பாட்டுப் போட்டு மேல வந்தாரு. எந்தப் பத்திரிகை தூக்கி விட்டுச்சு?" மூவரிடமும் இதற்குப் பதில் இல்லை. நம்மிடமும் இல்லை.

சட்டம் கேட்காத கேள்வி

பழைய 1867-ம் வருடச் சட்டம் போய், 2024 மார்ச் 1-ந் தேதி முதல் புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டம் அமலில் இருக்கிறது. பெயர்ப் பதிவெல்லாம் ஆன்லைனில். சட்டம் பத்திரிகையின் பெயரைக் கேட்கிறது, வெளியிடுகிறவர் யார் என்று கேட்கிறது. யார் வாங்குவார் என்று கேட்பதில்லை. அதை அடகுக் கடைக்காரர்தான் கேட்டார்.

ராத்திரி டீக்கடையில் உட்கார்ந்து, நோட்டில் இருந்த அந்த ஒரு வரியை வாலிபர் அடித்தார். கீழே எழுதினார்: "நோம்பிக்கு மேளம் அடிப்பவன். கும்மி கட்டுகிறவள். கச்சேரிக்கு ஆள் தேடும் குழு. கோவையில் இருந்து மேட்டுப்பாளையம் வரை."

3 ஆயிரம் என்பதை 300 ஆக்கினார். "300 பேரு இருப்பாங்களாடா?" என்று நண்பர் கேட்டார். "எண்ணிப் பாக்கோணும்" என்றார் இவர்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மூவரும் தேக்கம்பட்டிப் பக்கம் போகிறார்கள். பஸ் காசு, டீச் செலவு எல்லாம் போன வாரக் கச்சேரிக் கூலியில் இருந்து.

சங்கிலி பீரோவில்தான் இருக்கிறது.