குழாய் ஒழுகுதா? பிளம்பரைக் கூப்பிடும் முன் இதைப் படிங்க!

தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்புக் குழாய்களைச் சீக்கிரமே அரித்துவிடும். 'சின்ன ஒழுகல்தானே' என்று விட்டால் சுவர் ஊறும், செலவும் ஏறும்.

கசிவு எங்கே?
தெருவில் போகும் பொதுக்குழாயில் என்றால் அது பேரூராட்சியின் வேலை. முதல்வரின் முகவரி உதவி எண் 1100-ல் புகார் சொல்லலாம். வீட்டுக்குள் என்றால் செலவு நம்முடையது. சந்தேகமா? இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்க. காலையில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது.

செலவைக் குறைக்க:
* மூடிய பிறகும் சொட்டினால் பெரும்பாலும் தேய்ந்த வாஷர்தான் காரணம். வாஷர் விலை குறைவு, கூலிதான் அதிகம். சில்லறை வேலைகளைச் சேர்த்து ஒரே நாளில் முடிங்க.
* கூலி, பொருள் விலை இரண்டையும் முன்பே தனித்தனியாகப் பேசுங்க.
* மாற்றிய பழைய பாகத்தையும் ரசீதையும் கேட்டு வாங்குங்க.

காசு கொடுத்தும் வேலை சரியில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ரசீதுதான் உங்கள் சாட்சி!