கடலில் கலக்கும் நீர் வீணா?

வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பூண்டி நீர்த்தேக்கத்தின் மதகுகள் திறக்கப்படும் போதெல்லாம், இத்தனை கன அடி நீர் வீணே கடலில் கலந்தது என்ற புலம்பல் எழுவது வழக்கமாகிவிட்டது. ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயி கோடையில் வறண்ட கிணற்றை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர். அவர் அவ்வாறு சொல்வதில் குற்றமில்லை. பொதுக்காரியங்களில் ஈடுபட்டோரும் சட்டசபையில் பேசுகிறவர்களும் அதையே ஒப்பிப்பதுதான் நமக்கு வியப்பளிக்கிறது.

அந்தச் சீமையின் மழைநீரைத் திரட்டிவரும் கொசஸ்தலையாறு, பூண்டியைக் கடந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேருகிறது. அதற்கு வடக்கே ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியை அடைகிறது. சென்னை நகரத்தாரின் தாகம் தீர்க்க ஸ்ரீ சத்தியமூர்த்தி அவர்கள் முன்னின்று முயன்ற பூண்டித் திட்டம் 1944-ல் நிறைவேறியது. அதைக் காண அவர் உயிருடன் இல்லை. அந்த நன்மையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆயினும், அணை தேக்குவது 3,231 மில்லியன் கன அடி நீரை மட்டுமன்று. ஆறு கொணரும் மணலையும் வண்டலையுங்கூட அது தடுத்து நிறுத்துகிறது என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அந்த வண்டலின் பெருமை கழிமுகத்தில்தான் விளங்கும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைக்கு 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அது ஏறிவந்து, ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இன்றைய மட்டத்தில் நின்ற பின்னரே, அலைகள் குவித்த மணல்திட்டுகளுக்குப் பின்னால் பழவேற்காடு போன்ற உப்பங்கழிகள் நிலைபெற்றன. நன்னீரில் மிதந்துவரும் நுண்ணிய களிமண், உப்புநீர் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் படிகிறது. இவ்வாறு பிறந்த சேற்றுநிலத்தை ஓதம் நாள்தோறும் இருமுறை மூடித் திறக்கிறது. பார்ப்பதற்கு வெறுஞ் சேறுதான். அதற்குள் புழுவும் கிளிஞ்சலும் நண்டும் நிறைந்திருக்கின்றன. பூநாரைகள் வருவது அந்த ஆழமற்ற நீரின் இரைக்காகத்தான். கடலில் பொரிந்த இறால் குஞ்சு இங்கே நுழைந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குப் போகிறது. இருளர்குலப் பெண்கள் இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் போடுகிறார்கள். பழவேற்காட்டு மீனவரோ ‘பாடு’ என்னும் முறைப்படி, எவர் எங்கே வலை போடுவது என்பதைத் தமக்குள் பங்கிட்டுக் கொள்கிறார்கள். எந்தக் கோர்ட்டும் வகுத்துக் கொடுத்த ஏற்பாடன்று அது!

இவ்வளவும் முகத்துவாரம் திறந்திருக்கும் வரையில்தான். நமது கரையோரமாக அலைகள் ஓயாது மணலைத் தள்ளுகின்றன. ஆண்டில் பெரும்பங்கு தெற்கிலிருந்து வடக்கே போகிறது. ஐப்பசி கார்த்திகை வெள்ளம் அதை உடைத்துத் தள்ளாவிடின் வாய் அடைபடும். அப்புறம் இறால் குஞ்சு உள்ளே வராது; படகு வெளியே போகாது; கோடையில் ஏரியின் உப்பு ஏறும். இதற்காகப் பழவேற்காட்டு முகத்துவாரத்தில் கற்சுவர் எழுப்பும் திட்டத்தை சர்க்கார் மேற்கொண்டார்கள். சுவர் மணலைத் தடுக்கலாம். ஆற்றில் வெள்ளத்தை உண்டாக்குமா? சென்னைத் துறைமுகச் சுவர்களின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றதையும், வடக்கே இராயபுரம் முதல் கரை அரிக்கப்பட்டதையும் கண்ணாரக் கண்டபின் கல்லில் மட்டும் நம்பிக்கை வைப்பது எவ்விதம்?

இதற்கிடையில் கடலும் சும்மா இருக்கவில்லை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. அதன் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். வண்டல் வந்து படிந்தால் சேற்றுநிலமும் கூடவே உயரும். வராவிட்டால் மூழ்கும், அல்லது நிலப்பக்கம் நகர வேண்டும். எண்ணூரில் நகர இடம் எங்கே? சாம்பலும் சாலையும் தொழிற்சாலையும் துறைமுகங்களும் நெருக்கி நிற்கின்றன. 1991-ம் வருஷத்திய கடற்கரை அறிவிப்பு, ஓதம் ஏறும் எல்லைக்கும் வற்றும் எல்லைக்கும் இடைப்பட்ட நிலத்தை முதல் வகுப்பில் வைத்தது. நல்ல சட்டமே, ஆனால் மேலேயிருந்து வரவேண்டிய மண்ணுக்கு அதில் பாதுகாப்பில்லை.

ஏரிப் பாசனத்தில் கடைமடைக்காரனுக்கும் பங்குண்டு என்பதை நம் கிராமத்தார் வழிவழியாக ஒப்புக்கொண்டவர்கள். கழிமுகமே ஆற்றின் கடைமடை. பூண்டி மதகுகளையும் ஆரணியாற்றுத் தடுப்பணைகளையும் இயக்கும் விதிகளில், மழைக்காலத்தில் கழிமுகத்துக்கு விடவேண்டிய நீர் எவ்வளவு, எந்த மாதத்தில் என்பதை சர்க்கார் எழுதிச் சேர்க்க வேண்டும். அதை வகுக்கும் கமிட்டியில் மீனவர்க்கும் இருளர்க்கும் இடமளிக்க வேண்டும்.