அண்டா மோரும், கதவு வைத்த பாத்ரூமும்!

ஆகஸ்ட் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போயிருக்கிறீர்களா? காவி வேட்டி, காவிப் புடவையில் கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். 'இப்ப சபரிமலை சீஸன் இல்லையே?' என்று குழம்ப வேண்டாம். கையில் ஜெபமாலை, முன்னால் தள்ளுவண்டியில் மாதா சொரூபம்... வேளாங்கண்ணி பாதயாத்திரை!

ஆகஸ்ட் 29 கொடியேற்றம். செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பெருவிழா. சென்னையிலிருந்து பாண்டிச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல். பல பேர் வெறுங்காலோடு! நமக்கோ ஆபீஸ் லிஃப்ட் ரிப்பேர் என்றால் மூன்றாவது மாடியே இமயமலை.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் மண்டையில் வரவு-செலவுதான் ஓடும். வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்துவிட்டால் திருத்தலத்தின் விடுதிகள் இருக்கின்றன. அதுவரை எங்கே தூங்குவார்கள்? யார் சோறு போடுவார்கள்?

கடலூர் தாண்டி ஒரு சின்னப் பங்குக் கோயிலில் விடை கிடைத்தது. வாசலில் பந்தல், அண்டா நிறைய மோர். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். சமையல், 'அன்பியம்' பொறுப்பு. அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக்குழுவுக்கு அந்தப் பெயர். ஒரு வீட்டு அரிசி, இன்னொரு வீட்டுக் காய்கறி, மூன்றாவது வீட்டு விறகு. கொப்புளம் வெடித்த கால்களுக்கு மருந்து போட இரண்டு காலேஜ் பையன்கள்.

வருகிறவர்களை எழுத ஒரு நோட்டு. எட்டிப் பார்த்தேன். பெயர், ஊர், எத்தனை பேர். மூன்றே காலம். மதம் என்று காலமே இல்லை! நெற்றியில் திருநீறோடு ஒருவர் இரண்டாவது டம்ளர் மோர் வாங்கிக்கொண்டிருந்தார்.

"இதுல பெரிய செலவு சாப்பாடுதானே ஃபாதர்?" என்றேன்.

பங்குத்தந்தை சிரித்தார். "சோறு எப்படியும் வந்துடும் தம்பி. பொம்பளைங்களுக்குக் கதவு வெச்ச பாத்ரூம்தான் முக்கியம். அதைத்தான் முதல்ல கட்டினோம்."

சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் சொன்னார்: "வழியில ஒதுங்க இடமில்லேன்னு பகல்ல தண்ணியே குடிக்கறதில்ல, தம்பி. இங்க வந்துதான் ஒரு சொம்பு முழுசா குடிச்சேன்."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. வெயிலில் நாளெல்லாம் நடை, அதுவும் தண்ணீர் குடிக்காமல்!

வேளாங்கண்ணியின் கதையே இப்படித்தான் தொடங்குகிறது. நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டுபோன பையனிடம், குளத்தருகே கைக்குழந்தையோடு ஒரு பெண் பால் கேட்டாளாம். யார், எவர் என்று கேட்காமல் கொடுத்தான். போய்ச் சேர்ந்தபோது பானை நிறையப் பால் இருந்தது என்பது நம்பிக்கை. கொடுத்தும் ஸ்டாக் குறையவில்லை! எங்கள் அக்கவுன்டன்சி வாத்தியார் ஒப்புக்கொள்ள மாட்டார்.

உங்கள் வீடு அந்த ரூட்டில் இருக்கிறதா? பந்தல் போட வசதியில்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பத்து நாள் பாத்ரூம் சாவியைக் கொஞ்சம் தாராளமாகக் கொடுங்கள். யாரோ ஒரு அம்மா பயப்படாமல் தண்ணீர் குடிப்பார்!