முன்விரியலாக்கியின் இரைச்சலும் அதனைக் களையும் நெறியும்

மாணவர் சிலர் ஒலிவாங்கிக்கு வேண்டிய முன்விரியலாக்கியைத் தம் கையாலேயே அமைத்துப் பார்க்கின்றனர். முயற்சி போற்றத்தக்கது. ஆயினும், பற்றாசு வைத்து முடித்து ஒலிபெருக்கியை இணைத்தவுடன் பேசுவோன் குரலுக்கு முன்னே பேரிரைச்சல் ஒன்று எழ, மனஞ்சலித்துக் கருவியை மேசை லாச்சிக்குள் இட்டுவிடுவோரே பலர். முதிய ஆசிரியர்தம் குரலையும் பண்ணிசைப்போர் பாட்டையும் பதிந்துவைக்க விழைவோர்க்கு இஃது எளிய குறையன்று. ஒருமுறை இரைச்சலொடு கலந்து பதிந்த குரலைக் கணினியின் துணைகொண்டு தூய்மை செய்யலாமெனினும், இரைச்சலை நீக்குங்கால் குரலின் நுண்மையிலும் ஒரு பகுதி உடன் நீங்கிவிடும். அக்குரலுக்குரியாரோ மறுமுறை பேசித்தர இல்லாதொழிதலும் கூடும்.

இயங்குசுருள் ஒலிவாங்கி தரும் சைகை, பேசுவோன் அருகிலிருப்பினும், ஒன்றிரண்டு மில்லிவோல்ற்றே. அதனை ஐந்நூறு முதல் ஆயிரம் மடங்குவரை பெருப்பித்தாலன்றி அடுத்த கருவிக்குப் போதாது. விரியலாக்கியோ குரலென்றும் குப்பையென்றும் வேறுபாடறியாது; வாயிலிற் புகுந்த யாவற்றையும் ஒப்பப் பெருப்பிக்கும்.

இரைச்சலென ஒரு சொல்லால் யாம் வழங்குவது பல திறத்தது. வண்டுபோல் முரலுதல் வேறு. மழைபோல் இரைதல் வேறு. தாளிதத்தில் கடுகுபோல் வெடித்தல் வேறு. இவற்றுக்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள. கேட்ட ஒலிக்கு உரிய சொல்லைத் தேர்ந்துகொண்டவன் பழுதின் இருப்பிடத்தை அரைவாசி கண்டவனாவன்.

முதலிற் செய்யத்தக்கது ஒன்று. ஒலிவாங்கியைக் கழற்றிவிட்டு, உள்ளீட்டு முனைகள் இரண்டையும் சிறு கம்பியால் இணைத்துவிடுக. இரைச்சல் அடங்கினால் அது ஒலிவாங்கி வழியாகவோ வடத்தின் வழியாகவோ வருவது. அடங்காதாயின் கருவிக்குள்ளேயே பிறப்பது. முனைகளை வெறுமனே திறந்துவிட்டுச் சோதித்தல் பயன்தராது; திறந்த உள்ளீடு எக்கருவியிலும் முரலவே செய்யும்.

முரலுதலே மிகுதியாகக் காணப்படுவது. எம் நாட்டு மின்வழங்கலின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். அது முழு அலையாகச் சீராக்கப்படுங்கால் எஞ்சும் அலைவு 100 ஹேர்ட்ஸ் ஆகும். இசை பயின்ற செவிக்கு இரண்டாவது முதலாவதற்கு ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். 100 ஆயின் வழங்கலிலுள்ள வடிகட்டற் கொள்ளளவியையும், 50 ஆயின் வடத்தின் கவசத்தையும் நிலைமாற்றியையும் முதலில் ஐயுறுதல் பெரும்பாலும் பிழைபடாது. ஐயந்தீர, கருவியை 9 வோல்ற்று மின்கலங்களால் இயக்குக. முரல்வு நின்றதாயின், மின்கலத்திலேயே இயங்கவிட்டு, இணைப்பறுத்த நிலைமாற்றிக்கு மட்டும் மின்னூட்டி அருகே வைக்க. முரல்வு மீண்டும் எழுமேல் குற்றம் அதன் காந்தப் புலத்தது. அதனைத் தொலைவில் வைத்தலோ திருப்பி வைத்தலோ போதும். எலெக்ற்றெற் வகை ஒலிவாங்கியாயின் அதற்கு மின்னூட்டும் தடையி வழியாகவும் வழங்கலின் அலைவு நேரே சைகையிற் கலக்கும். அத்தடையிக்கு முன் 1 கிலோ ஓம் தடையி ஒன்றை இட்டு, இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து புவிக்கு 100 மைக்குரோ பரட்டுக் கொள்ளளவி ஒன்றை இணைப்பின், 100 ஹேர்ட்ஸ் அலைவு ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகத் தேயும்.

கருவி தனித்திருக்கையில் அமைதியாகி, கணினியோடு இணைத்தவுடன் முரலுமாயின் அது புவித்தொடுப்பு வளையம். மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றிப் பார்த்தால் உண்மை புலனாகும். இரு கருவிகளையும் ஒரே மின்குதையிலிருந்து இயக்குக. அன்றேல் இடையே சிறிய கேளொலி நிலைமாற்றி ஒன்றைச் செருகுக. இவ்விடத்து யாம் கண்டிப்பாகக் கூறவேண்டியது ஒன்றுளது. முரல்வை நிறுத்துதற்காக மின்செருகியின் புவிக்கம்பியை அறுத்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. முரல்வு நிற்கும் என்பது மெய்யே. ஆயின் பின்னொருநாள் உள்ளே காப்புக் கெடுமேல் 230 வோல்ற்று ஒலிவாங்கியின் உலோக உடலில் வந்து நிற்கும். அதனைப் பிடித்து உதட்டருகே வைத்திருப்பவன் ஒரு மாணவன். அக்கம்பியைத் தொடுதல் எக்காரணங்கொண்டும் ஆகாது.

மழைபோன்ற இரைதலை முற்றாக ஒழித்தல் எவர்க்கும் இயலாது. தடையுள்ள பொருள் எதுவாயினும் அதனுள் வெப்பத்தால் இலத்திரன்கள் அலைதலின் சிறு அழுத்தம் தோன்றும். ஜோன்சன் அதனை அளந்தும் நைக்குவிஸ்ற்று அதன் கணிதத்தை வகுத்தும் 1928இல் வெளியிட்டனர். 200 ஓம் தடையில், கேட்கும் மீடிறன் எல்லைக்குள், இது ஏறக்குறைய 0.25 மைக்குரோவோல்ற்று, 10 கிலோ ஓமில் 1.8. ஆதலின் ஒலிவாங்கிக்கும் முதற்படிக்கும் இடையே பெருந்தடையியையோ ஒலியளவுத் திருகியையோ வைத்தல் அறியாமை. வேண்டிய பெருக்கத்தின் பெரும்பகுதியை முதற்படியிலேயே பெறுக. கரித்தடையிகளை விடுத்து உலோகப்படலத் தடையிகளைக் கொள்க. 1968இல் வெளிவந்த 741 என்னும் செயற்பாட்டு விரியலாக்கி பாடம் கற்பித்தற்கு நன்று; இவ்வேலைக்கு அன்று. 5532 விலை மலிவு, பெரிதும் அமைதியானது.

வெடித்தலுக்குக் காரணம் பெரும்பாலும் கைப்பழக்கக் குறைவே. மங்கிய நிறத்துடன் உருண்டு நிற்கும் பற்றாசு உண்மையில் ஒட்டாத பற்றாசு. கருவி மின்கலத்தில் இயங்குகையில் தென்னோலை ஈர்க்கொன்றால் ஒவ்வோர் இணைப்பையும் மெல்லத் தட்டுக. வெடித்த இடத்தை மீள உருக்குக. பென்சில் ஆகாது, அதன் கரி மின்கடத்தும்.

கைத்தொலைபேசியின் இடைவிட்ட உறுமலும் அழையா வானொலியும் சிலவேளை வந்து புகும். உள்ளீட்டில் புவிக்கு 220 பிக்கோ பரட்டு ஒன்றும், சுற்று முழுவதற்கும் ஒரு தகரப்பெட்டியும் இவற்றைத் தடுக்கும். வெற்றுப் பிஸ்கற்றுப் பெட்டியே சாலும். பெட்டியைச் சுற்றின் புவியோடு உள்ளீட்டின் அருகே ஓரிடத்தில் மாத்திரம் இணைக்க. மூடி பொருந்தும் விளிம்பில் வர்ணப்பூச்சைச் சுரண்டிவிடுக, இன்றேல் மூடி பெட்டியோடு மின்தொடர்பு கொள்ளாது.