நடுநிலைத் துறைமுகமும் போர்க்கப்பலும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களிற் பிறந்தோருள் கடலைக் கண்ணாற் காணாமலே வாழ்ந்து மறைந்தோர் பலர். எனினும் அவர்தம் உலையில் வெந்த அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கடல் கடந்து வந்தது. அவர் வெட்டிய பால் இறப்பராகியும், கொய்த கொழுந்து தேயிலையாகியும் கொழும்புத் துறைமுகம் வழியே வெளியேறின. ஆதலின் கடலிற் போர் மூண்டபோதெல்லாம் அதன் சூடு மலைச்சரிவின் லயங்களையும் எட்டியது. 1914 செப்டெம்பர் 22ஆம் நாள் சென்னையிற் குண்டு பொழிந்த ஜேர்மனியப் போர்க்கப்பல் எம்டன், அடுத்த சில நாள்களிற் கொழும்புக்கு அண்மைக் கடலிலேயே வணிகக் கப்பல்களைப் பிடித்தது. துணிவும் தந்திரமும் மிக்கவனை 'எம்டன்' என அழைக்கும் வழக்கம் தமிழிற் புகுந்தது அக்காலத்திலேயாம். அக்கப்பலின் வீரத்தைப் பேசுவோர் பலர்; அது நடுநிலை நாடுகளின் கரையில் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதை நினைப்போர் சிலரே.

போரிற் கலந்துகொள்ளாத நாட்டின் துறைமுகத்திற் போர்க்கப்பலொன்று அடைக்கலம் புகுந்தால் ஆகவேண்டியது யாது என்பதை 1907ஆம் ஆண்டின் ஹேக் பதின்மூன்றாம் உடன்படிக்கை வரையறுத்தது. அந்நாட்டின் சட்டம் வேறு கூறாதவிடத்து, அக்கப்பல் 24 மணித்தியாலத்துக்கு மேல் தங்கலாகாது. கடல் கொந்தளிப்பாயினும் கப்பல் பழுதுற்றதாயினும் தவணை நீளலாம். ஆனால் கடலிற் பாதுகாப்பாகச் செல்வதற்கு வேண்டிய பழுதுபார்த்தலே அனுமதிக்கப்படும். போர் வலிமையைக் கூட்டும் திருத்தம் எதுவும் ஆகாது. தன் நாட்டின் அண்மைத் துறைமுகத்தை அடையப் போதுமான எரிபொருளே பெறலாம். பெற்ற பின் மூன்று மாதத்துக்கு அந்நாட்டில் மீண்டும் பெற முடியாது. போகவேண்டிய கப்பல் போகாது நின்றால், அப்போர் முடியும்வரை அதனைக் கடற்செலவுக்கு உதவாதபடி செய்து, மாலுமிகளையும் தடுத்துவைக்கலாம். ஊர்ச் சண்டையில் அடிபட்டு ஓடிவந்தவனுக்குத் திண்ணையில் இடங்கொடுப்பது அறமே. ஆனால் அவன் கையில் ஒரு தடியையும் எடுத்துக் கொடுப்பவன் அயலவன் அல்லன், அவனும் சண்டைக்காரனே. இவ்விதிகளின் உட்கருத்து இதுவேயாம்.

ஒல்லாந்தர் இவ்விதியை வரிக்குவரி பின்பற்றினர். ஐரோப்பாவில் ஜேர்மனி அவர்தம் எல்லையில் நின்றது. கிழக்கிலோ பிரித்தானியாவும் யப்பானும் அவர்தம் தீவுகளைச் சூழ்ந்திருந்தன. அச்சமே அவர்களை நேர்மையாளராக்கியது என்று கூறினும் தவறன்று. 1914 ஓகஸ்ட் இறுதியில் எம்டன் கிழக்கிந்தியத் தீவான தானாஜம்பேயாவை அடைந்தபோது, அங்குக் காவல் நின்ற ஒல்லாந்தப் போர்க்கப்பலான துரோம்ப் நிலக்கரி ஏற்ற இடந்தரவில்லை.

நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவுகளருகே அவுஸ்திரேலியக் கப்பலான சிட்னியால் எம்டன் அழிக்கப்பட்டது. கம்பித்தந்தி நிலையத்தை உடைக்கவென முன்னரே கரையிறங்கிய ஏறத்தாழ ஐம்பது பேர், ஹெல்முத் வொன் முக்கே என்னும் அதிகாரியின் தலைமையில் ஆயிஷா என்ற பழைய பாய்க்கப்பலைக் கைப்பற்றிப் புறப்பட்டனர். அக்கப்பல் சுமாத்திராவின் பாடாங் துறைமுகத்தை நவம்பர் 27ஆம் நாள் அடைந்தபோது சிக்கலான வினாவொன்று எழுந்தது. அஃது போர்க்கப்பலா, அன்றிக் கைப்பற்றப்பட்ட வணிகக் கப்பலா? கைப்பற்றப்பட்ட கப்பலாயின் அதனை அங்கேயே நிறுத்திவைக்கலாம். போர்க்கப்பலாயின் 24 மணித்தியாலத்தில் அதனை வெளியேறவிட வேண்டும். ஜேர்மனியப் பேரரசின் கொடியும் அதிகாரியும் படைவீரரும் இருத்தலின் அது போர்க்கப்பலே என முக்கே வாதாடி வென்றார். உணவும் நீரும் கிடைத்தன. கடல்வரைபடமும் உடையும் கேட்டபோது அவை போர் வலிமையைக் கூட்டும் என மறுக்கப்பட்டன. கந்தலணிந்த ஐம்பது பேருக்கு ஒரு சட்டை கொடுத்தால் எந்தப் பேரரசு வீழ்ந்துவிடும் என்று நகைக்கத் தோன்றலாம். எனினும், சிறிய சலுகை எங்கே முடியும் என்று ஒல்லாந்த அதிகாரிகளுக்கு எவரும் உறுதி கூறியிருக்க முடியாது. மறுநாள் ஆயிஷா பாய் விரித்தது. அதிற் சென்றோர் அரபுநாட்டு வழியே 1915 மே மாதத்திற் கொன்ஸ்தாந்திநோப்பிளை அடைந்தனர்.

தடுத்துவைக்கப்படுதல் சில வேளைகளில் உயிர் காக்கும். 1905இல் சுஷிமாக் கடற்போரில் யப்பானுக்குத் தோற்றோடிய ருஷியக் கப்பல்கள் மூன்று அமெரிக்கர் ஆட்சியிலிருந்த மணிலாவிற் புகுந்து, போர் முடியும்வரை அங்கே தங்கின. அவற்றுள் ஒன்றான செம்சுக்கை 1914 ஒக்டோபர் 28இற் பினாங்குத் துறைமுகத்தில் மூழ்கடித்ததும் எம்டனே. பினாங்கு நடுநிலைத் துறைமுகமன்று. அங்கே அதனைக் காக்க எவ்விதியும் இருக்கவில்லை.

விதியே படைக்கலமான காட்சியை உருகுவே நாட்டின் மொண்டிவிடியோ கண்டது. 1939 டிசெம்பர் 13இற் பிரித்தானியக் கப்பல்களோடு பொருது பழுதுற்ற ஜேர்மனியக் கப்பலான கிராப் ஸ்பே அன்றிரவே அத்துறைமுகத்துட் புகுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகளுக்கு உணவு சமைக்கும் அடுக்களையும் சிதைந்திருந்தது. தலைவர் லாங்ஸ்டோர்ப் பதினைந்து நாள் கேட்டார். உருகுவே 72 மணித்தியாலமே அளித்தது. அக்கப்பலை உடனே வெளியேற்றுமாறு முதலில் வற்புறுத்திய பிரித்தானியத் தூதுவர், துணைக்கப்பல்கள் இன்னும் வந்துசேரவில்லை என உணர்ந்ததும் எதிர்த்திசையில் முயன்றார். பகைநாட்டு வணிகக் கப்பலொன்று புறப்பட்டால் அதன்பின் 24 மணித்தியாலம் கழியும்வரை போர்க்கப்பல் புறப்படலாகாது என்ற விதியைப் பற்றிக்கொண்டு, பிரித்தானிய வணிகக் கப்பலொன்று அனுப்பப்பட்டது. பலமான கடற்படை வெளியே காத்திருக்கிறது என்ற வதந்தியும் பரப்பப்பட்டது. டிசெம்பர் 17இல் லாங்ஸ்டோர்ப் தம் கப்பலைத் தாமே வெடிவைத்து அழித்தார். சில நாள்களிற் புவனோஸ் அயர்ஸில் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டார். இரு வல்லரசுகளும் நெருக்கிய போதிலும் தவணையைத் தானே முடிவுசெய்த சிறுநாட்டின் உறுதி வியந்து போற்றத்தக்கது.

அத்தகைய முடிவை இலங்கை அந்நாளில் எடுத்திருக்க இயலாது. குடியேற்ற நாட்டுக்குத் தனியான போருமில்லை, தனியான நடுநிலையுமில்லை. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருக்கோணமலையையும் தாக்கின. பர்மா வீழ்ந்தமையால் அரிசி அருகியது; மலாயா வீழ்ந்தமையாற் சப்பிரகமுவாவின் இறப்பர் மரங்கள் நேச நாடுகளுக்காக ஓய்வின்றி வெட்டப்பட்டன. 1948இற் சுதந்திரம் கிடைத்த பின்னரும் திருக்கோணமலை பிரித்தானியக் கடற்படைத் தளமாகவே 1957வரை இருந்தது. நடுநிலைத் துறைமுகம் ஒரு தரப்பின் போர்த்தளமாகலாகாது என்பதும் ஹேக் விதியே. ஆயினும், கொரியப் போர் நடந்த 1952இல் அமெரிக்காவின் வெறுப்பையும் பொருட்படுத்தாது, இறப்பருக்கு அரிசி என்ற உடன்படிக்கையைச் சீனாவுடன் இலங்கை செய்தது. கேகாலைத் தோட்டத்திற் பால் வெட்டியவருக்கு நடுநிலை என்பது அன்று அரிசிப் பங்கீடாகத் தெரிந்தது.

1971இல் இந்துசமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் சபையில் முன்னெடுத்தவர் இரத்தினபுரியிற் பிறந்த பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா. வல்லரசுகள் இக்கடலிலுள்ள தம் போர்த்தளங்களை அகற்றவேண்டும் என்பது அதன் கோரிக்கைகளுள் ஒன்று. 1914 ஒக்டோபரில் எம்டன் இளைப்பாறிய தியாகோ கார்சியா பிரித்தானியத் தீவே. போர் மூண்ட செய்தி அங்கு எட்டாமையால், தீவினர் பகைக்கப்பலுக்கு உணவளித்து உபசரித்தனர். எம்டன் மாலுமிகள் தீவிலிருந்த இயந்திரப் படகொன்றைப் பழுதுபார்த்துக் கொடுத்தனர். தீர்மானம் நிறைவேறிய ஆண்டிலேயே அத்தீவின் குடிமக்கள் யாவரும் வெளியேற்றப்பட்டனர்; அமெரிக்கப் போர்த்தளம் இன்றும் அங்கே உள்ளது.