கணப்பின் மேல் எந்தப் படம்?

தமிழர் இல்லங்களில் சுவரில் தொங்கும் படம் வெறும் அலங்காரப் பொருள் அன்று. இவ்வீட்டார் யாரை வணங்குகின்றனர், யாரை மதிக்கின்றனர், எதை மறவாதிருக்க விரும்புகின்றனர் என்பதை, வாயிலில் நுழையும் விருந்தினருக்கு ஒரு சொல்லும் இன்றி அது அறிவித்துவிடும். ஆதலின், எந்தப் படத்தை எந்த இடத்தில் மாட்டுவது என்னும் கேள்வி சிறியதாகத் தோன்றினும் சிந்திக்கத்தக்கதே. அதிலும், நம் முன்னோர் வீடுகளில் இல்லாத ஓர் இடம் இங்குள்ள சில வீடுகளில் இருக்கின்றது. அதுதான் கூடத்துக் கணப்பின் மேற்சுவர். அவ்விடத்திற்கு ஏற்ற படம் எது என்பதைப் பற்றி இத்திங்கள் சிறிது ஆராய்வோம்.

கணப்பு வந்த வரலாறு

கோலார் தங்கவயல் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் உள்ளது. மார்கழி, தைத் திங்களில் இரவுக் குளிர் இங்கு நன்கு உறைக்கும். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலைத் தொடங்கிய பின்னர், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்க வல்லுநர்கள் வந்தனர். தம் நாட்டு வாழ்வை இங்கும் வாழ விரும்பிய அவர்கள், ஓட்டுக்கூரையும் புகைபோக்கியும் தோட்டமும் கொண்ட பங்களாக்களைக் கட்டினர். ஊருக்குச் 'சின்ன இங்கிலாந்து' என்ற பெயரும் ஏற்பட்டது. அந்தப் பங்களாக்களின் கூடத்தில் நடுநாயகமாக விளங்கியது கணப்பு. கணப்பின் மேல் குடும்ப முன்னோரின் உருவப்படத்தையோ, தம் நாட்டு இயற்கைக் காட்சியையோ மாட்டுவது ஆங்கிலேயர் வழக்கம். கடல் கடந்து வந்தவர்க்கு அப்படமே பிறந்த மண்ணின் சாளரமாய் இருந்திருக்கும் என்பதை, நாமும் ஊர்விட்டு வந்தவர்கள் ஆதலால், எளிதில் உணரலாம்.

குளிர்காய நெருப்பு வளர்ப்பது தமிழர்க்குப் புதிது என்று எவரும் எண்ணற்க. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையில், வாடைக்காலத்து மக்கள் 'தடவு' என்னும் அகன்ற வாயுடைய கலத்தில் நெருப்பிட்டுக் குளிர்காய்ந்தமையை நக்கீரர் கூறுகின்றார். அதே பாட்டில், பாசறையில் இருக்கும் அரசனைப் பிரிந்த அரசி, தன் கட்டிலின் மேல்விதானத்தில் எழுதப்பட்ட ஓவியத்தை நோக்குகின்றாள். திங்களை விட்டு நீங்காத உரோகிணியின் உருவம் அதில் உள்ளது. அதனைக் கண்டு அவள் பெருமூச்செறிகின்றாள். குளிரும் நெருப்பும் பிரிவும் ஓவியமும் ஒரே பாட்டில் கூடியிருப்பது எண்ணி மகிழத்தக்கது. வீட்டில் உள்ள ஓவியம் பார்ப்பவரின் மனத்தோடு பேச வேண்டும் என்பதை நம் புலவர் அன்றே அறிந்திருந்தனர்.

லைன் வீடுகளும் சுவர்ப்படங்களும்

பங்களாவில் கணப்பு எரிந்த அதே காலத்தில், அதற்கு எதிர்மாறான வாழ்வு நிலத்தின் கீழே நடந்துகொண்டிருந்தது. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம் மக்கள் நிலத்தின் அடியில் இறங்கினர். சாம்பியன் ரீப் சுரங்கம் நாளடைவில் 10,000 அடிக்கும் கீழே சென்றது. அவ்வாழத்தில் பாறையின் சூடு 60 பாகை செல்சியஸைக் கடந்தது. மேலே குளிரைப் போக்க நெருப்பு வேண்டியிருந்தது. கீழே வெப்பத்தைத் தணிக்கக் குளிர்காற்றைச் செலுத்த வேண்டியிருந்தது. இவ்விரண்டிற்கும் நடுவே, லைன் வீடுகளில், கணப்பு ஏது? சமையல் அடுப்பே கணப்பு. அதன் புகையே சுவரின் வண்ணம்.

ஆயினும் அச்சிறு வீடுகளிலும் படங்கள் இருந்தன. அவை எவ்வாறு வந்தன என்பது ஒரு சுவையான வரலாறு. திருவாங்கூரைச் சேர்ந்த ஓவியர் ரவிவர்மா 1894ஆம் ஆண்டில் பம்பாயில் கல்லச்சுக் கூடம் ஒன்றை நிறுவினார். அதுவரை கோயிலிலும் அரண்மனையிலும் செல்வர் மாளிகையிலும் மட்டுமே காணக்கிடைத்த இலக்குமியும் கலைமகளும் அந்த அச்சுப் படங்களின் வழியாக ஏழையின் வீட்டுக்கும் வந்தனர். கோயிலுக்குள் நுழையத் தடுக்கப்பட்ட மக்களும் தம் வீட்டுச் சுவரில் தெய்வத்தைத் தடையின்றிக் கண்டனர். இதனை ஒரு சிறு புரட்சி எனலாம்.

பின்னர் நம் தென்னாட்டிலேயே அக்கலை வேரூன்றிற்று. 1898இல் பிறந்து 1976இல் மறைந்த கொண்டைய ராஜு, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடக மேடைத் திரைகளை எழுதியவர். கோவில்பட்டியில் தங்கித் தெய்வ ஓவியங்களை வரைந்தவர். அவரும் அவருடைய மாணாக்கரும் எழுதிய படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாக அச்சாகித் தமிழர் வாழும் இடமெல்லாம் சென்றன. ஆண்டு முடிந்ததும் தேதித்தாள் கிழிந்து போகும். படமோ சட்டம் போடப்பட்டுச் சுவரில் நிலைத்துவிடும். நம் ஊரிலும் எத்தனையோ வீடுகளின் முதல் ஓவியம் கடைக்காரர் இலவசமாக அளித்த நாட்காட்டியே ஆகும்.

தங்கவயலின் சுவர்களுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 1907ஆம் ஆண்டில் சென்னையில் 'தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாச பண்டிதரின் பௌத்த சங்கம் இங்கும் கிளை பரப்பியது. அவர் மறைவுக்குப் பின் அவ்விதழ் 1926 முதல் இவ்வூரிலிருந்தே வெளிவந்தது. ஆகவே புத்தர் பெருமானின் படமும், பின்னாளில் அம்பேத்கர், பெரியார் ஆகியோரின் படங்களும் இங்குள்ள இல்லங்களில் இடம்பெற்றன. வேளாங்கண்ணி மாதாவும் முருகனும் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தனர். வீட்டுக்கு வீடு படம் வேறு. உழைப்பு மட்டும் ஒன்று.

வீடு மாறுகின்றது, படம் என்ன ஆகின்றது?

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் உடைமையாகி, 1962இல் மத்திய அரசிடம் சென்றன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அவை மூடப்பட்டன. ஏறத்தாழ 800 டன் பொன்னை உலகுக்கு ஈந்த ஊர் ஒரே நாளில் வேலையற்ற ஊராயிற்று. அதன்பின் பங்களாக்கள் பல பாழடைந்தன. சிலவற்றில் நம்மவர் குடியிருக்கின்றனர். மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் அதிகாலை வண்டியில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். புகைவண்டி நிலையத்தில் பணிபுரியும் நாம் அன்றாடம் காண்பது அது. ஊரை விட்டே பெயர்ந்து செல்லும் குடும்பங்களையும் காண்கின்றோம். அவர்களுடைய மூட்டைகளுக்கிடையே பழைய சேலையில் சுற்றிய ஒரு கண்ணாடிப் படம் கட்டாயம் இருக்கும். பாத்திரம் பண்டங்களைச் சுமை அறையில் ஒப்படைப்பவர்கள்கூட அதனைப் பிறர் கையில் கொடுப்பதில்லை. மடியில் வைத்துக்கொண்டே செல்வர்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் சில ஆண்டுகளுக்கு முன் கணப்பு உள்ள பழைய வீடொன்றில் குடியேறினர். கணப்பின் மேல் என்ன மாட்டுவது என்பதில் வீட்டினுள் மூன்று கட்சிகள் தோன்றின. மருமகள் பொன்தகடு பதித்த தஞ்சாவூர் இலக்குமி வேண்டும் என்றார். கல்லூரியில் பயிலும் பேரன், பனிமலைக் காட்சி ஒன்றை வாங்கலாம் என்றான். மகனோ, "எதுவும் வேண்டாம், ஒரு கடிகாரம் போதும்" என்றார். அந்நேரம் பாட்டியம்மையார் தம் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு புகைப்படத்தை எடுத்து வைத்தார். தலைக்கவசமும் விளக்கும் அணிந்து நிற்கும் அவருடைய கணவரின் படம் அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுரங்கத்தில் உழைத்து, நுரையீரலில் கற்றூள் படிந்து இருமி இருமி மறைந்தவர் அவர்.

"இதை ஏன் அம்மா இத்தனை நாள் மாட்டவில்லை?" என்று மகன் கேட்டார். "பெண் பார்க்க வருகிறவர்கள் கூலிக்காரன் வீடு என்று நினைப்பார்கள் என்று நீதானே அப்பா எடுத்து உள்ளே வைக்கச் சொன்னாய்" என்றார் அம்மையார். அதன்பின் அங்கு விவாதம் எழவில்லை. எந்தத் துரைமாரின் குளிரைப் போக்குவதற்காக அக்கணப்பு கட்டப்பட்டதோ, அவர்களுக்காகப் பொன் வெட்டியவரின் படம் இன்று அதன் மேல் இருக்கின்றது. இலக்குமி பூசை அறையில் எழுந்தருளியிருக்கின்றாள். பேரனின் பனிமலை அவனுடைய படிப்பறைக்குச் சென்றது.

எல்லா வீட்டிலும் இவ்வாறே செய்ய வேண்டும் என்பதன்று நம் கருத்து. கூடத்தின் முதன்மையான இடத்தில் எதை வைக்க வெட்கப்படுகின்றோம் என்பதையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே.

தேர்ந்தெடுக்கும் முறை

இனி, செயல்முறைக்கு வருவோம். முதலாவது, கணப்பு எரிகின்றதா, அணைந்தே கிடக்கின்றதா என்பதைக் காண்க. எரியும் கணப்பாயின் வெப்பமும் புகையும் மேலெழும். நெருப்பு நன்கு பற்றிய பின் படம் மாட்டும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுவர் சுடுமாயின், விலையுயர்ந்த எதையும் அங்கு மாட்டலாகாது. கணப்பின் மேற்பலகை அகன்று முன்னோக்கி நீண்டிருப்பின் வெப்பத்தை ஓரளவு தடுக்கும்.

தஞ்சாவூர் ஓவியம் பெரும்பாலும் பலாப்பலகையின் மேல் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சிட்டு, மேடாக்கிய இடங்களில் பொன்தகடும் கண்ணாடிக் கற்களும் பதித்துச் செய்யப்படுவது. வெப்பத்தால் பலகை சுருங்கினால் பூச்சு வெடிக்கும், தகடு உரியும். மைசூர் ஓவியத்தில் பூச்சு மெல்லியதாயினும் அதற்கும் அதே அச்சம் உண்டு. ஆகவே இவ்விரண்டும் அணைந்த கணப்புக்கே உரியவை. பொன்வயலில் பிறந்தவர் வீட்டில் பொன் ஒளிரும் ஓவியம் ஒன்று இருப்பது பொருத்தமே. எனினும் கடையில் வாங்குங்கால் உண்மைப் பொன்தகடா, வெறும் மினுக்குத் தாளா என்று கேட்டறிதல் நலம்.

பழைய புகைப்படமாயின் மூலப்படத்தைப் பெட்டியில் பாதுகாத்து, அதன் நகலைப் பெரிதாக்கி மாட்டுக. வெயிலும் வெப்பமும் மூலத்தை வெளிறச் செய்யும். படத்திற்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டை விளிம்பு வைத்தால் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாது.

தெய்வப் படத்தைக் கூடத்தில் வைப்பதா என்று சிலர் ஐயுறுவர். அது அவரவர் மரபைப் பொறுத்தது. பொதுவான ஓவியத்தை விரும்புவோர்க்கும் நம் நாட்டில் குறைவில்லை. சித்தன்னவாசல் குகையின் தாமரைத் தடாக ஓவியம், நெருப்பிற்கு மேல் குளிர்ந்த நீரை வைத்தாற்போல் அழகு தரும். சென்னைக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட, தேவி பிரசாத் ராய் சௌதுரி வடித்த உழைப்பாளர் சிலையின் புகைப்படம், உழைத்து வாழ்ந்த எந்த வீட்டிற்கும் பெருமை சேர்க்கும். நம் ஊர்ச் சுரங்கத்தின் சகடக் கோபுரத்தைப் பள்ளிப் பிள்ளை ஒருவன் வண்ணத்தில் தீட்டியிருந்தாலும் தாழ்வில்லை. பனிமலையும் அன்னப்பறவையும் அழகற்றவை அல்ல. ஆனால் அவற்றைக் காட்டி நம் குழந்தைக்குச் சொல்வதற்கு நம்மிடம் கதை இல்லை.

படத்தின் அகலம் கணப்பின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருத்தல் கண்ணுக்கு இனிது. படத்தின் அடிவிளிம்பு மேற்பலகைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் மேலே இருக்கலாம். அதற்கு மேல் உயர்த்தினால் படம் வேறு, கணப்பு வேறாகத் தோன்றும். பழைய சுவரின் சாந்து உதிரும் ஆதலால், ஒற்றை ஆணியை நம்பாமல் இரண்டு ஆணிகளில் கம்பியிட்டு மாட்டுக. ஆண்டுக்கொரு முறை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, படத்தைக் கழற்றிப் பின்புறத்தில் கறையான் உள்ளதா என்று பாருங்கள். அப்படியே படத்தில் இருப்பவரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றையும் பின்புறத்தில் எழுதி வையுங்கள். பெயரறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும்.

பெங்களூர் அடுக்ககத்திற்கோ, கடல் கடந்து குளிர்நாடுகளுக்கோ சென்றுள்ள நம் ஊர்ப் பிள்ளைகளின் வீடுகளிலும் கூடமும் சுவரும் உண்டு. சிலவற்றில் கணப்பும் உண்டு. ஊருக்கு வந்து திரும்பும் அவர்களுக்கு ஊறுகாயும் முறுக்கும் கட்டிக் கொடுக்கும் தாய்மார்கள், தாத்தா பாட்டியின் படத்திற்கு ஒரு நகலெடுத்து அதனையும் உடன் வைத்து அனுப்புவார்களாக.