ஏரி இல்லாத லேக் வியூ ரோடு!
சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரிதான் இல்லை. அந்தப் பக்கம் நீண்டு கிடந்த 'லாங் டேங்க்' ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவானதுதான் தி.நகர். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய நுங்கம்பாக்கம் ஏரியில்தான்.

அது அந்தக் காலம். நம் காலத்துக் கதையை செல்போனிலேயே பார்க்கலாம். 'கூகுள் எர்த் டைம்லாப்ஸ்' போய், பள்ளிக்கரணை என்று தேடுங்கள். 1984-லிருந்து வருடம் வருடமாகப் படம் ஓடும். சதுப்பு நிலம் சுருங்கச் சுருங்க, சுற்றிலும் கட்டடங்கள் நெருங்கி வரும். மிஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர், 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

ஃப்ளாட் வாங்கப்போகிறவர்களுக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. ஆனால், படத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். செயற்கைக்கோள் படம் தெளிவாக விழுவது பெரும்பாலும் மேகமில்லாத வெயில் நாட்களில். நம் ஏரிகளோ வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு சில மாதங்கள்தான் நிறைந்திருக்கும். படத்தில் காய்ந்த மைதானமாகத் தெரிகிற இடம், டிசம்பரில் ஏரியாக இருக்கலாம்! எனவே சர்வே எண்ணை வைத்து, 'அ' பதிவேட்டில் அது நீர்நிலைப் புறம்போக்கா என்று பாருங்கள். அப்படியே அந்தத் தெருப் பெரியவர்களிடம், 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரைத் தொட்டே காட்டுவார்கள்.